தனியாக ஒரு வெளிநாட்டுப் பயணம்: டிபென்டன்ட் விசாவுக்கு உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தாகிவிட்டது. பாட்டுக் கேட்டாகிவிட்டது. படமும் பார்த்தாகிவிட்டது. "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்கிறீர்களா? என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் திருப்பூர்க்காரி. கல்யாணத்துக்கு முன் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், டாகுமென்டேஷன் பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமான பத்தாவது நாள் கணவர் அமெரிக்கா திரும்பிவிட்டார். பிறகு விசா வாங்கி, 2024 ஜூன் மாதம் நான் தனியாக விமானம் ஏறினேன். அதற்கு முன் கோவையைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை. "ஏங் கண்ணு, தனியாப் போயிருவயா?" என்று அம்மா தினம் இரண்டு முறை கேட்பார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு உதவியது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும், அதில் நானே உருவாக்கிய ஒரு போல்டரும்தான்.

நான் வாங்கியது எச்-4 விசா. எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை செய்பவரின் கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் தரப்படுவது இது. நீங்கள் வேறு நாட்டுக்குப் போவதாக இருந்தால் படிவமும் விதிகளும் மாறும். ஆனால் கம்ப்யூட்டரில் செய்யும் முன்னேற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் நான் செய்த தவறு

ஆரம்பத்தில் எனக்குப் பயம். அதனால் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த தம்பி, "நீங்க உட்காருங்க அக்கா, நான் அடிச்சுத் தர்றேன்" என்று அரை மணி நேரத்தில் டிஎஸ்-160 என்ற விசா படிவத்தைப் பாதிவரை நிரப்பினார். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு கணவர் போனில் கேட்ட மூன்று கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்ப எண் என்ன? எந்த இமெயில் முகவரி கொடுத்தாய்? செக்யூரிட்டி கேள்விக்கு என்ன பதில் போட்டாய்?

விண்ணப்ப எண்ணை நான் எழுதி வைக்கவில்லை. இமெயில் கடைக்காரருடையது. செக்யூரிட்டி கேள்விக்கு அவர் என்ன பதில் கொடுத்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. போதாததற்கு, பாஸ்போர்ட்டில் இல்லாத என் அப்பா பெயரை 'சர்நேம்' கட்டத்தில் போட்டிருந்தார். நல்லவேளை, படிவத்தை இன்னும் சமர்ப்பிக்கவில்லை. அதைக் கைவிட்டு, வீட்டிலேயே புதிதாக ஆரம்பித்தேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஆனால் விசா என் பெயரில். அதிகாரி கேள்வி கேட்கப்போவது என்னிடம். படிவத்தின் சாவி மட்டும் வேறொருவர் கையில் இருந்தால் எப்படி? யார் உதவினாலும் சரி, சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.

பாடம் 1: ஒரு மூலப் பைல்

நோட்பேட் புரோகிராமைத் திறந்திடுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக டைப் செய்திடுங்கள்: சர்நேம், கிவன் நேம், பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண், வழங்கிய இடம், வழங்கிய தேதி, முடியும் தேதி. ஞாபகத்தில் இருந்து டைப் செய்யாதீர்கள்.

டாகுமென்டேஷன் வேலை பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்லாமலே புரியும். எல்.சி.யில் இருக்கும் பெயரில் ஒரு எழுத்து நம் இன்வாய்ஸில் மாறியிருந்தால் பேங்க் 'டிஸ்கிரிபன்சி' என்று கேள்வி எழுப்பும். சரக்கு கப்பலில் போய்க்கொண்டிருக்கும். பணம் இங்கே நின்றுவிடும். விசாவிலும் இதே கதைதான். பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்துக்களாக இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். 'எங்கள் ஊரில் இப்படியும் எழுதுவோம்' என்ற விளக்கம் இயந்திரத்திடம் எடுபடாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் பெயரில் ஒரு 'த' வருகிறது. பாஸ்போர்ட்டில் அந்த 'த'வுக்கு 'டி'க்குப் பின் ஓர் 'எச்' உண்டு. கல்யாணப் பதிவுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் அந்த 'எச்' விட்டுப்போயிருந்தது. சமர்ப்பிக்கும் முன் மூலப் பைலோடு ஒப்பிட்டதால் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் பெயரை நான் டைப் செய்வதில்லை. மூலப் பைலில் செலக்ட் செய்து, கன்ட்ரோல் + சி அழுத்தி காப்பி செய்து, படிவத்தில் கன்ட்ரோல் + வி அழுத்தி ஒட்டிவிடுவேன்.

கல்யாணப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். பத்திரிகை, ஆல்பம், மண்டப ரசீது எல்லாம் துணைக்குத்தான். விசாவுக்கு முக்கியம் சான்றிதழ்.

ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் கவனிக்க

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதனால் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். டிஎஸ்-160 படிவத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. உங்கள் பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் எப்.என்.யூ. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை இட வேண்டும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது.

விசாவிலும் அப்படியே அச்சாகும். அமெரிக்கா வந்தபின் பல இடங்களில் அதுவே உங்கள் பெயராகிவிடும். ஒரு கிளினிக்கில் "பினு, பினு" என்று கூப்பிட்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன்.

கைவசம் நேரம் இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம், கிவன் நேம் இரண்டும் வருமாறு மாற்றி வாங்குவது நல்லது. வளைகுடா போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கல்யாணமானதால் பெண் தன் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. டிக்கெட் வாங்கும்போது ஒற்றைப் பெயரை எப்படிக் கொடுப்பது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

பாடம் 2: போல்டரும் ஸ்கேனும்

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் என்று தேர்ந்தெடுங்கள். 'பயணம்' என்று பெயர் கொடுங்கள். உள்ளே பைல்களுக்கு எண்ணோடு பெயர் வையுங்கள்: 01 பாஸ்போர்ட், 02 கல்யாணச் சான்றிதழ், 03 கணவரின் ஐ-797, 04 கணவரின் சம்பளச் சீட்டு, 05 டிஎஸ்-160, 06 டிக்கெட், 07 என் படிப்புச் சான்றிதழ்கள். எண் இருந்தால் பைல்கள் வரிசையாக நிற்கும். எது இன்னும் வரவில்லை என்பதும் உடனே தெரியும். இணையத்தில் அப்லோட் செய்யப்போகும் பைல்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் சிக்கல் இருக்காது.

ஐ-797 என்பது கணவரின் எச்-1பி மனு ஏற்கப்பட்டதற்கான அமெரிக்க அரசின் அறிவிப்பு. உங்கள் விசா அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதன் நகலைக் கணவரிடம் கேட்டு வாங்கி, உங்கள் போல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 300 டி.பி.ஐ. போதும். ஏ4 தாள் அந்த அளவில் 2480க்கு 3508 பிக்ஸல் வரும். எழுத்து தெளிவாக இருக்கும். கடையில் ஸ்கேன் செய்தால், பைலைப் பென் டிரைவில் வாங்கியதும் அவர்கள் கம்ப்யூட்டரில் அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். உங்கள் பாஸ்போர்ட் நகல் ஊரெல்லாம் கிடக்கக் கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள்.

இணையப் பக்கத்தைப் பிடிஎப் பைலாக மாற்ற, கன்ட்ரோல் + பி அழுத்துங்கள். பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் பிரிண்டர் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

பாடம் 3: போட்டோ

அமெரிக்க விசாவுக்குப் போட்டோ சதுரமாக இருக்க வேண்டும். அச்சில் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். கம்ப்யூட்டரில் 600க்கு 600 பிக்ஸலில் இருந்து 1200க்கு 1200 பிக்ஸல் வரை. ஜேபெக் பைலாக, 240 கே.பி.க்குள் இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி, கடந்த ஆறு மாதங்களுக்குள் எடுத்தது. 2016 நவம்பர் முதல் கண்ணாடி அணிந்த படம் ஏற்கப்படுவதில்லை.

பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, செலக்ட் கருவியால் முகம் நடுவில் வருமாறு சதுரமாக வளைத்து, கிராப் கொடுங்கள். பிறகு ரீசைஸ் அழுத்தி, பிக்ஸல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து 600 கொடுங்கள். சேவ் ஆஸ் மூலம் ஜேபெக் ஆகப் பதியுங்கள். பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் எத்தனை கே.பி. என்று தெரியும். முகத்தை அழகாக்கும் வேலை எதுவும் வேண்டாம். திருத்திய படத்தை நிராகரித்துவிடுவார்கள்.

பாடம் 4: படிவம்

சரியான தளத்துக்குத்தான் வந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அமெரிக்க அரசின் தள முகவரி 'டாட் ஜிஓவி' என்று முடியும். நம் பாஸ்போர்ட் தளம் 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரங்களில், அரசுத் தளம் போலவே தோன்றும் போலிகள் உண்டு. நேர்காணலுக்கு நாள் குறிக்கும் தளம் மட்டும் 'டாட் காம்' என்று முடியும். அதனால் அமெரிக்கத் தூதரகத்தின் பக்கத்தில் உள்ள இணைப்பைக் கிளிக் செய்தே அதற்குப் போங்கள்.

டிஎஸ்-160 திறந்ததும் இரண்டு ஆங்கில 'ஏ'க்களில் தொடங்கும் விண்ணப்ப எண் ஒன்று வரும். வேறு எதையும் செய்யும் முன் அதை மூலப் பைலில் காப்பி செய்திடுங்கள். செக்யூரிட்டி கேள்வியையும் பதிலையும் எழுதுங்கள். மறுபடி உள்ளே போக இந்த எண், சர்நேமின் முதல் ஐந்து எழுத்து, பிறந்த ஆண்டு, அந்தப் பதில் ஆகியவை வேண்டும். சுமார் 20 நிமிடம் சும்மா விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்காராதீர்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேவ் கொடுங்கள்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளின் பெயர்களையும் படிவம் கேட்கும். எதையும் மறைக்காதீர்கள். எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்கள் தங்கள் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி 'பப்ளிக்' ஆக வைக்க வேண்டும் என்ற விதி 2025 டிசம்பர் 15 முதல் வந்தது. விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத் தளத்தில் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முடித்ததும் பார்கோடு உள்ள உறுதிப்பக்கம் வரும். பிரிண்ட் எடுங்கள், பிடிஎப் ஆகவும் பதியுங்கள். அப்பாயின்ட்மென்டுக்குக் கொடுத்த எண்ணும், கையில் கொண்டுபோகும் பக்கத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சென்னையில் கைரேகையும் போட்டோவும் எடுக்க விசா விண்ணப்ப மையம்; நேர்காணலுக்கு அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகம். துணைத் தூதரகத்துக்குள் மொபைல், பென் டிரைவ் எதுவும் கொண்டுபோக முடியாது. எல்லாம் தாளில் இருக்க வேண்டும்.

பாடம் 5: இமெயிலும் ஓ.டி.பி.யும்

என் இரண்டாவது தவறு இது. கடைக்காரர் இமெயிலை விட்டு எனக்கென்று ஒன்று தொடங்கினேன். ஆனால் ஓ.டி.பி. வருவதற்கு அப்பாவின் மொபைல் எண்ணைக் கொடுத்துவிட்டேன். சென்னையில் ஏறி, டோஹாவில் விமானம் மாறினேன். அங்கே டல்லாஸ் விமானத்துக்கு முன், அமெரிக்காவில் தங்கப்போகும் முகவரியைக் கேட்டார்கள். மெயிலைத் திறந்தேன். புது இடம் என்பதால் ஓ.டி.பி. கேட்டது. அது அப்பாவின் போனுக்குப் போனது. என்னை ஏற்றிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த அப்பாவின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. கணவரும் எடுக்கவில்லை.

கைப்பையில் ஒரு தாள் இருந்தது. புறப்படும் முன் மூலப் பைலைப் பிரிண்ட் எடுத்து மடித்து வைத்திருந்தேன். அதில் முகவரி, கணவரின் எண், அவருடைய கம்பெனிப் பெயர் எல்லாம் இருந்தன. தாளை நீட்டினேன். வேலை முடிந்தது. அதன்பிறகும் கொஞ்ச நேரம் என் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். மெயிலுக்கு உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள். கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பிரிவில், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பின் கீழ் 'பேக்கப் கோட்ஸ்' இருக்கும். 8 இலக்கங்களில் 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். போனே இல்லாவிட்டாலும் இவற்றால் உள்ளே போகலாம். பிரிண்ட் எடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைக்காமல் தனியாக வையுங்கள். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டு, தொடர்ந்து ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். பேங்க், ஆதார் ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். எண் கைவிட்டுப் போனால் மீட்பது பெரும்பாடு.

பாடம் 6: இறங்கிய பிறகு

எல்லையில் அதிகாரி அனுமதித்ததும் ஐ-94 என்ற பதிவு உருவாகும். விமானத்தில் வருபவர்களுக்கு 2013 முதல் இது கம்ப்யூட்டரில்தான். சில நாட்களில் அமெரிக்க சுங்க, எல்லைக் காவல் துறையின் தளத்தில் இதை எடுத்துப் பிடிஎப் ஆகப் பதியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எச்-4 என்ற வகை, எந்தத் தேதிவரை தங்கலாம் என்ற நான்கையும் சரிபாருங்கள். நீங்கள் தங்கக்கூடிய காலத்தைச் சொல்வது விசாத் தாள் அல்ல, இந்தப் பதிவுதான். பாஸ்போர்ட் முன்னதாகவே முடிவதாக இருந்தால் இந்தத் தேதியும் குறைந்துவிடலாம். எனவே பாஸ்போர்ட்டின் முடிவுத் தேதியை ஊரிலேயே பாருங்கள். அமெரிக்காவில் தேதி எழுதும்போது மாதம்தான் முதலில் வரும் என்பதையும் மறக்காதீர்கள். 04/07 என்றால் அங்கே ஏப்ரல் 7.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று

எச்-4 விசாவில் படிக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து வேலைக்குப் போக முடியாது. கணவரின் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும், 2015 மே 26 முதல் தனி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கணவரின் எச்-1பி முடிந்தால் நம் எச்-4-ம் முடியும். ஊரில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கியவளுக்கு இது லேசான விஷயம் இல்லை. கிளம்பும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் பாஸ்போர்ட், சான்றிதழ்கள், மெயில் பாஸ்வேர்டு மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். போல்டரின் நகல் ஒன்று பென் டிரைவில் அம்மா வீட்டில் இருக்கட்டும். என் தாளின் அடியில் மூன்று வரிகள் எழுதியிருந்தேன்: அமெரிக்காவில் அவசர எண் 911, இந்தியத் தூதரகத்தின் எண், வெளிநாட்டில் சிக்கலில் இருப்போர் புகார் தர நம் வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கிய 'மதத்' தளம். எனக்குத் தேவைப்படவில்லை. உங்களுக்கும் தேவைப்பட வேண்டாம். ஆனால் தாளில் இருக்கட்டும்.

இந்த மாதப் பயிற்சி

விசா வேலை இப்போது இல்லாவிட்டாலும் இன்று இரவே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு போல்டர் உருவாக்கி, உங்கள் பாஸ்போர்ட், ஆதார், படிப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று நோட்பேடில் டைப் செய்து பாருங்கள். அடுத்து, வீட்டில் இருப்பவர்களுக்காக விண்டோஸ் கடிகாரத்தின் மீது ரைட் கிளிக் செய்து, தேதி, நேர செட்டிங்கில் கூடுதல் கடிகாரம் ஒன்றைச் சேருங்கள். எங்கள் வீட்டில் டல்லாஸ் நேரம் ஓடுகிறது. கோடையில் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதினொன்றரை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா போன் செய்கிறார். நடு ராத்திரியில் மணி அடிப்பது நின்றுவிட்டது!